அடி எண்ணும் செயலி: நிறுவுவதும், கணக்குத் தவறினால் சரிசெய்வதும்

நடைப்பயிற்சி தொடங்கும் பலர் அன்றைக்கே போனில் அடி எண்ணும் செயலி ஒன்றையும் நிறுவிவிடுகிறார்கள். முதல் நாள் எண் ஏறுவதைப் பார்க்க உற்சாகமாக இருக்கும். சில நாள் கழித்து ஒரு மாலை அது பூஜ்ஜியம் காட்டும், அல்லது ஒரு மணி நேரம் நடந்து வந்த பிறகும் இருநூறு என்று சொல்லும். செயலி சரியில்லை என்று அழித்துவிட்டு இன்னொன்றை நிறுவினால், அதுவும் ஒரு வாரத்தில் அதே இடத்தில் வந்து நிற்கும்.

பெரும்பாலும் குறை செயலியிலும் இல்லை, போனின் சென்சாரிலும் இல்லை. கொடுக்காமல் விட்ட ஓர் அனுமதி, பேட்டரியை மிச்சப்படுத்தப் போன் தானாகப் போட்டுக்கொண்ட ஒரு கட்டுப்பாடு, இந்த இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். தொடக்கத்திலேயே இரண்டையும் முறையாக அமைத்துவிட்டால், பிறகு அந்தச் செயலியை நினைத்துப் பார்க்கவே வேண்டியதில்லை.

போன் அடியை எப்படி அறிகிறது

இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் பின்னால் வரும் சிக்கல்களில் பாதியை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். ஒவ்வொரு ஸ்மார்ட்போனிலும் முடுக்கமானி என்ற சிறிய சென்சார் இருக்கிறது. மேல்-கீழ், முன்-பின், இடம்-வலம் என மூன்று திசைகளிலும் வேகம் மாறுவதை அது அளக்கிறது. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் உடல் சற்றே எழுந்து இறங்குகிறது. குதிகால் தரையில் படும்போது ஓர் அதிர்வு மேலே வருகிறது. சென்சாரின் கணக்கில் அது ஓர் அலை. சாதாரண நடையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முதல் 120 அடி வைக்கிறோம். அதாவது நொடிக்குச் சுமார் இரண்டு அலைகள். அந்தச் சீர் தெரிந்தால் போன் அதை நடை என்று கொள்கிறது. சீரில்லாத அசைவை ஒதுக்கிவிடுகிறது.

அடி எண்ண இணையமும் வேண்டாம், ஜிபிஎஸ்ஸும் வேண்டாம் என்பது இதிலிருந்தே விளங்கும். டிரெட்மில்லில் நின்ற இடத்திலேயே நடந்தாலும் எண்ணும். இருப்பிட வசதியை அணைத்து வைத்திருந்தாலும் எண்ணும்.

முன்பு இந்த வேலையைச் செயலியே செய்யவேண்டியிருந்ததால் பேட்டரி வேகமாகக் கரைந்தது. 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4, அடி எண்ணுவதற்கென்றே தனி சென்சார் வசதியைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஐபோன் 5எஸ், அசைவுகளைக் கவனிக்க எம்7 என்ற துணைச் சில்லுடன் வெளியானது. அதன்பின் திரை அணைந்திருக்கும்போதும் மிகக் குறைந்த மின்சாரத்தில் எண்ணுவது சாத்தியமாயிற்று. உங்கள் போனில் அந்த வசதி இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால், சென்சார்களைப் பட்டியலிடும் இலவசச் செயலி ஒன்றை நிறுவி, அதில் ‘ஸ்டெப் கவுண்ட்டர்’ என்ற பெயர் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அந்தப் போனில் அடி எண்ணுவது எப்போதும் கொஞ்சம் தடுமாற்றமாகத்தான் இருக்கும். பேட்டரியும் கூடுதலாகச் செலவாகும்.

ஆண்ட்ராய்டு போனின் அடி எண்ணும் சென்சார் நாள்கணக்கு வைத்துக்கொள்வதில்லை. போனைக் கடைசியாக இயக்கியதிலிருந்து மொத்தம் எத்தனை அடி என்பது மட்டுமே அதற்குத் தெரியும். போனை அணைத்து இயக்கினால் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். இன்றைக்கு எத்தனை, நேற்றைக்கு எத்தனை என்று பிரித்து எழுதிவைப்பது செயலியின் பொறுப்பு. அந்தச் செயலி உறங்கிவிட்டால் கணக்கு எழுத ஆள் இல்லை. பின்னால் பேட்டரி பற்றி இத்தனை வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

எந்தச் செயலி

ஐபோன் வைத்திருப்பவர்கள் எதையும் தேடவேண்டாம். ‘ஹெல்த்’ செயலி போனிலேயே இருக்கிறது. நீங்கள் திறந்து பார்க்காவிட்டாலும் அது எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது. சாம்சங் போன்களுக்கு ‘சாம்சங் ஹெல்த்’ இருக்கிறது. மற்ற ஆண்ட்ராய்டு போன்களிலும் தயாரிப்பாளரே தரும் செயலி இருந்தால் அதையே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். தன் நிறுவனத்தின் செயலியைப் போன் அவ்வளவு எளிதில் நிறுத்துவதில்லை.

வெளியிலிருந்து நிறுவுவதானால், அது என்னென்ன அனுமதி கேட்கிறது என்பதைப் பார்த்தே தேர்ந்தெடுங்கள். உடல் அசைவை அறியும் அனுமதி அவசியம். அறிவிப்பு காட்டும் அனுமதி பயனுள்ளது. நடந்த பாதையை வரைபடத்தில் பார்க்க விரும்பினால் மட்டும் இருப்பிடம் தேவை. தொடர்பு எண்கள், குறுஞ்செய்தி, மைக் ஆகியவை அடி எண்ணுவதற்கு எதற்கும் வேண்டாம். இவற்றைக் கேட்கும் செயலியை நான் நிறுவமாட்டேன், மற்றவர்களையும் நிறுவவிடமாட்டேன்.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று செயலிகளை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். ஒவ்வொன்றும் ஒவ்வோர் எண்ணைச் சொல்லும். ஒன்றின் கணக்கை இன்னொன்று வாங்கித் தன் கணக்கோடு கூட்டிவிடவும் கூடும்.

அனுமதிகள்

2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-இலிருந்து, அடி எண்ணும் செயலி உங்களிடம் வெளிப்படையாக அனுமதி பெற்றாகவேண்டும். முதல்முறை திறக்கும்போது, உடல் செயல்பாட்டை அணுகலாமா என்று கேட்கும் ஒரு சிறு பெட்டி வரும். அவசரத்தில் மறுத்துவிடுபவர்கள் அதிகம். ஆண்ட்ராய்டு 11 முதல், இரண்டு முறை மறுத்துவிட்டால் அந்தப் பெட்டி மறுபடி வராது. செயலி திறக்கும், பக்கங்கள் எல்லாம் வேலை செய்யும், எண் மட்டும் நகராது.

சரிசெய்யும் வழி: செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’ பகுதிக்குச் சென்று அந்தச் செயலியின் பெயரைத் தொடுங்கள். ‘பெர்மிஷன்ஸ்’ என்பதைத் திறந்தால் அனுமதித்தவையும் மறுத்தவையும் தனித்தனியாக இருக்கும். மறுத்தவற்றில் ‘பிசிகல் ஆக்டிவிட்டி’ இருந்தால் அதைத் தொட்டு அனுமதி கொடுங்கள். பிறகு செயலியை மூடித் திறந்துவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள்.

பல செயலிகள், திரையின் மேலிருந்து கீழே இழுத்துப் பார்க்கும் அறிவிப்புப் பகுதியில் ஒரு நிரந்தர வரியைக் காட்டும். சிலருக்கு அது தொல்லையாகத் தோன்றும். ஆனால் செயலி விழித்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அந்த அறிவிப்பு இருப்பதால்தான் ஆண்ட்ராய்டும் அதைப் பின்னணியில் இயங்கவிடுகிறது. ஆண்ட்ராய்டு 13 முதல் அந்த வரியை விரலால் தள்ளிவிடலாம், எண்ணுவது நிற்காது. ஆனால் அதே பகுதியின் அடியில், இயங்கிக்கொண்டிருக்கும் செயலிகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் ‘ஸ்டாப்’ பொத்தானை அழுத்தினால் முழுவதும் நின்றுவிடும்.

ஐபோனில் இரண்டு இடங்களைப் பார்க்கவேண்டும். செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, அதற்குள் ‘மோஷன் அண்ட் ஃபிட்னஸ்’. அங்கே மேலே உள்ள ‘ஃபிட்னஸ் டிராக்கிங்’ இயக்கத்தில் இருக்கவேண்டும். அது அணைந்திருந்தால் ஹெல்த் செயலிகூடப் போனிலிருந்து அடியைப் பெறாது. அதன் கீழே உங்கள் செயலியின் பெயர் இருந்தால் அதையும் இயக்குங்கள்.

இரண்டாவது இடம் ஹெல்த் செயலியில் உள்ள பகிர்வு அனுமதி. வேறு செயலி உங்கள் அடிக்கணக்கை ஹெல்த்திலிருந்து படிக்க விரும்பினால், ஒவ்வொரு தகவல் வகைக்கும் தனித்தனிப் பொத்தான் இருக்கும். ‘ஸ்டெப்ஸ்’ என்பதை இயக்காமல் விட்டால், தனக்கு அனுமதி மறுக்கப்பட்டது என்பதே அந்தச் செயலிக்குத் தெரியாது. தனியுரிமைக்காக ஆப்பிள் அப்படி வடிவமைத்திருக்கிறது. செயலியைப் பொறுத்தவரை உங்களிடம் தரவே இல்லை. ஆகவே எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் பூஜ்ஜியம் காட்டும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் புதியவர்களை மிகவும் குழப்புகிறது.

பேட்டரி அமைப்பு

ஆண்ட்ராய்டில் எண்ணிக்கை பாதியில் நிற்பதற்கு முதல் காரணம் இது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், போன் அசையாமல் கிடக்கும்போது பின்னணிச் செயலிகளை உறங்கவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தங்கள் பங்குக்கு இன்னும் கடுமையான கட்டுப்பாடுகளைச் சேர்த்திருக்கிறார்கள். பெயர்கள் போனுக்குப் போன் மாறும்; செய்யவேண்டியது இதுதான்:

1. செட்டிங்ஸ், ஆப்ஸ், செயலியின் பெயர், ‘பேட்டரி’ என்று செல்லுங்கள். ‘ஆப்டிமைஸ்டு’ என்று இருந்தால் அதை ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என மாற்றுங்கள்.
2. சில போன்களில் ‘ஆட்டோஸ்டார்ட்’ என்றொரு பட்டியல் தனியாக இருக்கும். அதில் இந்தச் செயலியை இயக்குங்கள். இல்லையென்றால் போனை அணைத்து இயக்கிய பிறகு, நீங்களாகத் திறக்கும்வரை செயலி எழாது.
3. செயலியின் அதே பக்கத்தில், பயன்படுத்தாத செயலியை நிறுத்திவைக்கும் பொத்தான் ஒன்று கீழே இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். சில மாதங்கள் திறக்காத செயலியிடமிருந்து ஆண்ட்ராய்டு அனுமதிகளைத் தானாகவே திரும்பப் பெற்றுவிடும்.
4. போன் தயாரிப்பாளரின் பேட்டரிப் பகுதியில் உறங்கும் செயலிகள் என்ற பட்டியல் இருந்தால், அதில் இந்தப் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ பொத்தானைத் தொடாதீர்கள். போனைச் சுத்தம் செய்கிறேன், வேகமாக்குகிறேன் என்று வரும் செயலிகளையும் தவிர்த்துவிடுங்கள். அவை செய்வது பெரும்பாலும் பின்னணியில் இருப்பவற்றை நிறுத்துவதுதான். பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். எண்ணுவது சென்சாரின் வேலை. செயலி அவ்வப்போது அந்த எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்வதற்குத் தனியாகத் தெரியும் அளவுக்குச் செலவாகாது.

ஐபோனில் இந்தப் பாடு இல்லை. அடிக்கணக்கைப் போனே ஏழு நாள்வரை தனியாகச் சேமித்து வைக்கிறது. செயலியை இரண்டு நாள் திறக்காவிட்டாலும், திறந்ததும் விடுபட்டதை வாங்கிக்கொள்ளும். புதிதாக நிறுவிய செயலியில் கடந்த வாரக் கணக்கு தானாக வந்து நிற்பதும் இதனால்தான்.

உயரம், அடி நீளம், இலக்கு

செயலி உங்கள் உயரத்தைக் கேட்பது அடியை எண்ணுவதற்கு அல்ல, தூரத்தைக் கணக்கிடுவதற்கு. உயரத்திலிருந்து ஓர் அடியின் நீளத்தை அதுவே ஊகித்துக்கொள்கிறது. ஊகத்தை நம்பாமல் அளந்தே கொடுத்துவிடலாம். சமதரையில் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து வழக்கமான நடையில் 20 அடி வையுங்கள். நின்ற இடம்வரை மீட்டர் நாடாவால் அளந்து 20-ஆல் வகுங்கள். 13 மீட்டர் வந்தால் உங்கள் அடி நீளம் 65 சென்டிமீட்டர். செயலி 75 என்று வைத்துக்கொண்டிருந்தால், 6,000 அடிக்கு 3.9 கிலோமீட்டர் என்று காட்டவேண்டிய இடத்தில் 4.5 என்று காட்டும்.

கலோரி எண் வெறும் மதிப்பீடு. அதைப் பார்த்துச் சாப்பாட்டைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இலக்கு என்ற இடத்தில் பெரும்பாலான செயலிகள் 10,000 என்று எழுதியே வைத்திருக்கும். அந்த எண் மருத்துவ ஆய்விலிருந்து வந்ததல்ல. 1965-இல் ஜப்பானின் யமசா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த நடைமானியின் பெயரிலேயே அந்த எண் இருந்தது. அங்கிருந்து உலகம் முழுவதும் பரவிவிட்டது. மூத்த பெண்களைப் பற்றி 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாளுக்குச் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம், 2,700 அடி அளவில் நடந்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் அந்த வேறுபாடு பெரிதாகக் கூடவில்லை. ஆகவே முதல் வாரம் இலக்கு எதையும் வைக்காமல் வழக்கம்போல் இருங்கள். வார முடிவில் வரும் சராசரியோடு 500 அல்லது 1,000 சேர்த்து அடுத்த வார இலக்காக எழுதுங்கள்.

நூறு அடிச் சோதனை

எல்லாம் அமைத்த பிறகு, நம்புவதற்கு முன்னால், இதைக் கட்டாயம் செய்யுங்கள். செயலியைத் திறந்து தற்போதைய எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். திரையை அணைத்துப் போனைக் காற்சட்டையின் முன்பையில் வையுங்கள். வாய்விட்டு எண்ணியபடி சரியாக நூறு அடி நடங்கள். யாரோ பின்னாலிருந்து பார்க்கிறார்கள் என்பதுபோல் கவனமாக அல்ல, வழக்கமான வேகத்தில். நின்றதும் உடனே போனை எடுக்காதீர்கள். சென்சார் தன் எண்ணைச் செயலிக்குத் தெரிவிக்கப் பத்து நொடிவரை ஆகலாம். இருபது நொடி கழித்துத் திறங்கள்.

சட்டென்று பார்த்தால் 60 அல்லது 70 என்று நிற்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீதி ஒரே தாவலில் வந்து சேரும். 95 முதல் 105 வரை வந்தால் நல்ல கணக்கு. நூறு என்று மிகச் சரியாக வரவேண்டும் என எதிர்பார்க்காதீர்கள். அடுத்து, போனைக் கைப்பையில் போட்டு அதையே செய்யுங்கள். பிறகு கையில் பிடித்துக்கொண்டு. எந்த இடத்தில் வைத்தால் கணக்கு உண்மைக்கு அருகில் வருகிறதோ, இனி எப்போதும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். நேற்றையும் இன்றையும் ஒப்பிட அந்த ஒழுங்குதான் உதவும்.

கணக்குத் தவறினால்

எண் பூஜ்ஜியத்திலேயே நின்றால் அனுமதியைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் போனை ஒருமுறை அணைத்து இயக்குங்கள். அப்போதும் அசையாவிட்டால், சென்சார் பட்டியலில் ‘ஸ்டெப் கவுண்ட்டர்’ இருக்கிறதா என்று பாருங்கள்.

செயலி திறந்திருக்கும்போது எண்ணுகிறது, திரையை அணைத்ததும் நிற்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம், பேட்டரிக் கட்டுப்பாடுதான். காலையில் சரியாக இருந்து பிற்பகலில் நிற்பதும் அதேதான். போனில் பேட்டரி குறைந்ததும் சேமிப்பு முறை தானாக இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

குறைவாக எண்ணுவதற்கு, போன் இருக்கும் இடமும் நடையின் விதமும் காரணமாகின்றன. தள்ளுவண்டியையோ குழந்தை வண்டியையோ பிடித்துத் தள்ளும்போது கை அசைவதில்லை. மணிக்கட்டில் அடி எண்ணும் கடிகாரம் கட்டியிருந்தால் அது பல அடிகளைத் தவறவிடும். டிரெட்மில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நடப்பதும் அப்படித்தான். நாலைந்து அடி வைத்து நின்று, மறுபடி நாலைந்து அடி வைக்கும் வீட்டுவேலை நடையும் முழுமையாகக் கணக்கில் வராது. நடைதானா என்று உறுதிசெய்ய அந்தச் சீர் சற்று நேரம் தொடர்ந்து தெரியவேண்டும்.

மிக மெதுவாக நடப்பவர்களுக்கு இது பெரிய குறை. என் அத்தை வாக்கர் பிடித்து நடப்பவர். கைப்பையை வாக்கரில் மாட்டி, அதற்குள் போனை வைத்திருந்தார். வீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நாலைந்து முறை போய்வந்தும் எண் நகரவில்லை. “நான் நடப்பதெல்லாம் நடையாகவே படவில்லையா இதற்கு?” என்று கேட்டார். போனை அவருடைய இடுப்புப் பைக்கு மாற்றியதும் எண்ணத் தொடங்கியது, ஆனால் முழுமையாக அல்ல. பாதத்தை அதிகம் தூக்காமல் நகர்த்தி நடக்கும்போது மேலே வரும் அதிர்வு அவ்வளவு சிறியது. இப்படி நடப்பவர்கள் அடிக்கணக்கை விட்டுவிட்டு, எத்தனை நிமிடம் நடந்தோம் என்று எழுதிவைப்பதே சரி. கணுக்காலில் கட்டும் கருவி மெதுவான நடையைப் போனைவிட நன்றாக எண்ணும். அவர்கள் நடப்பது குறைவு என்று ஒரு போன் சொல்லி மனம் தளரவிடக் கூடாது.

அதிகமாக எண்ணுகிறதா? மேடுபள்ளமான சாலையில் வண்டி ஓட்டும்போது வரும் குலுக்கலைச் சில போன்கள் நடை என்று எடுத்துக்கொள்ளும். செயலியில் உணர்திறன் அமைப்பு இருந்தால் ஒரு படி குறைத்துவிட்டு மறுபடி நூறு அடிச் சோதனை செய்யுங்கள். இல்லையென்றால் பயணம் தொடங்கும்போது எண்ணுவதை இடைநிறுத்தலாம்.

ஏறத்தாழ இரு மடங்காகக் காட்டினால் கதை வேறு. போனும் கடிகாரமும், அல்லது இரண்டு செயலிகளும், ஒரே நடையை இரண்டு முறை எழுதுகின்றன. ஐபோனின் ஹெல்த் செயலியில் அடிகளுக்கான பக்கத்தின் கீழே ‘டேட்டா சோர்சஸ் அண்ட் ஆக்சஸ்’ இருக்கிறது. எது எழுதுகிறது என்று அங்கே தெரியும்; நீங்கள் நம்பும் கருவியை வரிசையில் மேலே நகர்த்துங்கள், தேவையில்லாததை அணையுங்கள். ஆண்ட்ராய்டில் செயலிகள் உடல்நலத் தகவலைப் பகிர்ந்துகொள்ளும் இடம் ‘ஹெல்த் கனெக்ட்’. ஆண்ட்ராய்டு 14 முதல் இது செட்டிங்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அடிக்கணக்கை எழுதும் உரிமை எந்தெந்தச் செயலிக்கு இருக்கிறது என்று பார்த்து, ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றுக்கு அந்த உரிமையை நீக்குங்கள்.

கடிகாரமும் போனும் சில நூறு அடிகள் வேறுபடுவது இயல்பு. ஒன்று மணிக்கட்டிலும் ஒன்று பையிலும் இருக்கின்றன. போனை மேசையில் வைத்துவிட்டு நீங்கள் எழுந்து போன நேரமும் உண்டு.

போன் மாற்றும் முன்

செயலியை அழித்து மறுபடி நிறுவுவது எல்லாச் சிக்கலுக்கும் மருந்து என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பயனர் கணக்கு (அக்கவுண்ட்) எதுவும் தொடங்காமல் பயன்படுத்தும் செயலிகள் பலவற்றில் பழைய பதிவுகள் போனுக்குள் மட்டுமே இருக்கும். செயலியோடு அவையும் போய்விடும். ஏற்றுமதி அல்லது காப்புநகல் வசதி இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். ஐபோன் பதிவுகளைக் கணினியில் காப்புநகல் எடுப்பவர்கள், கடவுச்சொல் இட்டுக் குறியாக்கம் செய்யும் பெட்டியைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அது இல்லாத நகலில் ஹெல்த் தரவு சேராது. புதிய போனில் பழைய மாதங்களின் கணக்கு வந்துவிட்டதைத் திறந்து பார்த்த பிறகே பழைய போனில் உள்ளவற்றை அழித்துவிடுங்கள். அனுமதிகளும் பேட்டரி அமைப்பும் சில நேரங்களில் புதிய போனுக்கு வந்து சேராது. அவற்றை முதலிலிருந்து அமைத்து, நூறு அடி நடந்து பார்த்துவிடுங்கள்.